தினமும் ஒரு எழுத்தாளர் தேதி பாத்தா எழுத வருமா?

இங்க்பாட்டில்: நாலு மாசமா காலைல எழுந்ததும் இன்னைக்கு எந்த எழுத்தாளர் பொறந்தார், யார் போய் சேர்ந்தார்னு பாத்து டைரில எழுதிட்டு தான் கதை எழுத உக்காருறேன். ஏப்ரல் கடைசி வாரம் செம, 24 ஜெயகாந்தன், 25 புதுமைப்பித்தன், 29 பாரதிதாசன்னு வரிசையா பிறந்தநாள். டைரி ரொம்புது, ஆனா கதை மூணாவது பக்கத்துலயே நிக்குது. வேற யாராச்சும் இப்படி பண்றீங்களா?

ராக்கோழி: பொறந்த அன்னைக்கு அவங்க என்ன பண்ணிருப்பாங்க, அழுதிருப்பாங்க 😀 எழுதின நாளா பாத்து தேடுங்க. 1912 செப்டம்பர் 22 ராத்திரி பத்து மணிக்கு உக்காந்த காஃப்கா காலைல ஆறு மணி வரைக்கும் எழுந்திருக்கல, 'தீர்ப்பு' கதை ஒரே மூச்சுல முடிஞ்சுது, கால் மரத்துப்போய் மேசைக்கு அடியில இருந்து இழுக்கவே முடியலன்னு டைரில எழுதிருக்கார். நானும் வருஷா வருஷம் அந்த ராத்திரி முழிச்சு எழுத பாப்பேன், போன தடவை பதினொன்றரைக்கே குறட்டை.

கும்மோணத்தான்: ஒரே ராத்திரி கதையெல்லாம் நமக்கு சரிப்படாது சார். என் தேதி அக்டோபர் 21. 1880ல எங்க கும்பகோணத்துக்கு முன்சீப்பா, அதாவது நீதிபதியா வந்த சேலம் ராமசாமி முதலியாரை உ.வே.சா. பாக்க போறார், என்ன படிச்சிருக்கீங்கன்னு கேட்டதுக்கு அந்தாதி, பிள்ளைத்தமிழ்னு அடுக்குறார், முதலியார் அசரவே இல்ல, சீவக சிந்தாமணி படிச்சதுண்டான்னு கேக்குறார். இவர் அந்த ஏட்டை கண்ணாலயே பாத்ததில்ல. எவ்வளவு கூசிருக்கும் பாருங்க, அத்தனை வருஷம் படிச்ச மனுஷனுக்கு! அப்புறம் காலேஜ்ல பாடம் நடத்திக்கிட்டே ஏடு தேடி, ஏட்டுக்கு ஏடு மாறுற பாடபேதம் பாத்து, புஸ்தகமா வந்தது 1887ல.

டெட்லைன்தாசன்: எனக்கெல்லாம் கழுத்துல கத்தி வெச்சா தான் வரும். தஸ்தயேவ்ஸ்கி 1866ல 'சூதாடி'ய சுருக்கெழுத்து தெரிஞ்ச பொண்ணுகிட்ட சொல்ல சொல்ல 26 நாள்ல முடிச்சார், நவம்பர் 1க்குள்ள தரலன்னா ஒன்பது வருஷம் எழுதுறதெல்லாம் பப்ளிஷருக்கே ஃப்ரீ. கடைசில பாத்தா பப்ளிஷர் ஊர்லயே இல்ல, போலீஸ்கிட்ட குடுத்து ரசீது வாங்கிட்டார். அந்த பொண்ணையே அடுத்த வருஷம் கட்டிக்கிட்டார், அது தனி கதை. நீங்க டைரில அவங்க தேதி பக்கத்துலயே அன்னைக்கு நீங்க எத்தனை வரி எழுதினீங்கன்னும் போடுங்க.

இங்க்பாட்டில்: போட்டாச்சு. நேத்து ரெண்டு வரி, அதுல ஒண்ணை இன்னைக்கு அடிச்சிட்டேன்.