கேரவன் கூரை ஏசியை மாற்றுதல்

கேள்வி (கிருஷ்ணகிரி):
ஒகேனக்கல் சென்று மழையில் திரும்பிய நாள் முதல், எங்கள் கேரவன் வண்டியின் கூரை ஏசியைச் சுற்றி உள்ளே நீர் சொட்டுகிறது. கம்ப்ரசர் கிளம்பும்போதெல்லாம் ஜெனரேட்டரும் அணைந்துவிடுகிறது. புதிய ஏசியை நாங்களே பொருத்த இயலுமா?

பதில் (தருமபுரி):
இயலும். பல கூரை ஏசிகள் 14 அங்குலச் சதுரத் துளைக்கென்றே செய்யப்படுவதால், முதலில் துளையை அளந்து பாருங்கள். பழையதை இறக்கியதும் பசையைச் சுரண்டி எடுத்து, சுற்றியுள்ள மரச்சட்டம் உளுத்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். பழைய கேஸ்கெட்டை (ஏசிக்கும் கூரைக்கும் இடையில் நீர் புகாமல் தடுக்கும் மென்மையான அடைப்பை) மீண்டும் பயன்படுத்தாதீர்கள். புதிய கேஸ்கெட்டின் அடியில் சிலிகோன் பசை பூசாமல், நான்கு போல்ட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்கி, கேஸ்கெட் ஏறக்குறைய பாதித் தடிமனுக்கு அமுங்கும்வரை மட்டும் இறுக்குங்கள். அதற்கு மேல் இறுக்கினால் கூரை வளைந்து நீர் தேங்கும். தூக்குவதற்கு இருவராவது வேண்டும். நான் தனியாக முயன்றதில் முதுகு பிடித்துக்கொண்டது.

பதில் (ஓசூர்):
ஜெனரேட்டர் அணைவதற்குக் கம்ப்ரசரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டர் வலுவிழந்திருப்பதும் காரணமாகலாம். கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம், அது ஓடும்போது இழுப்பதைவிடப் பன்மடங்கு என்பதால், அதை மெல்லக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற கருவியைப் பொருத்துவது நல்லது. அமெரிக்க ஏசிகள் பெரும்பாலும் 115 வோல்ட்டுக்கானவை. 230 வோல்ட்டுக்கு உரியதையே வாங்குங்கள்.

கேட்டவர்:
துளை சரியாக 14 அங்குலம். ஆனால் சட்டத்தின் ஒரு பக்கம் உளுத்துவிட்டது, தச்சரை அழைத்திருக்கிறேன்.