மேட்டூர் வண்டலை வயலுக்கு அள்ளலாமா, ஆத்தோட விடணுமா?

சேலத்து_ராசு
மேட்டூர் அணையில் வண்டல் அள்ள விவசாயிக்கு இலவச அனுமதி கொடுத்தா, "டெல்டாவோட மண்ணைத் திருடுறாங்க"ன்னு ஒருத்தர் இங்கே எழுதியிருக்கார். 1934-ல் கட்டின அணை. முதல்முறையா தூர்வாரினதே 2017-லதான். 93.47 டி.எம்.சி. கொள்ளளவுங்கிறது ஏட்டுல மட்டும்தான் இருக்கு. உள்ளே தங்கின மண் இனி பூம்புகாருக்குப் போகப்போறதில்லை. எங்க மானாவாரிக் காட்டுக்காவது ஆகட்டுமே.

கடைமடைக்காரன்
எழுதினது நான்தான், வாபஸ் வாங்க மாட்டேன். டெல்டா நிலம்னா பூரா ஆறு கொண்டுவந்து போட்ட மண். அது தன் பாரத்துலயே அமுங்கிக்கிட்டே இருக்கும். முன்னெல்லாம் வருஷா வருஷம் வெள்ளம் மேலே ஒரு படிவு போட்டு ஈடுகட்டும். அது நின்னு தொண்ணூறு வருஷம் ஆச்சு. அமுங்குறது மட்டும் நிக்கலை, கூடவே கடலும் ஏறுது. சீனாக்காரன் மஞ்சள் ஆத்துல 2002-லேர்ந்து ஷியாவ்லாங்டி அணையோட அடிமதகைத் திறந்து மண்ணைக் கீழே தள்ளுறான். நாம ஏன் செய்யக்கூடாது?

ஓய்வு_பொறியாளர்
அப்படி மண்ணைத் தள்ள முதல்ல நீர்மட்டத்தை நல்லா இறக்கணும் சார். ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்குமான்னு மே மாசமே வானத்தைப் பார்க்கிற ஊர்ல, மண்ணுக்காக அணையைக் காலி பண்ணச் சொல்ற அதிகாரி மறுநாள் வேலையில இருப்பாரா? மஞ்சள் ஆறு ஒரு காலத்துல வருஷத்துக்கு 160 கோடி டன் மண் சுமந்தது. காவிரி அந்த ரகமே இல்லை. அதுலயும் கர்நாடகாவுல கே.ஆர்.எஸ்., கபினி அணைகள் பிடிச்சது போக மிச்சம்தான் மேட்டூருக்கு. சரி, சேறாவே வருதுன்னு வையுங்க. கல்லணை தாண்டினதும் வாய்க்கால்ல தங்கும். அடுத்த கோடையில "தூர்வாரலை"ன்னு நீங்களே மறியல் பண்ணுவீங்க.

நாகை_மீனா
வங்கதேசத்துல 1997-ல் பீல் பைனான்னு ஒரு தாழ்நிலத்துல ஊர்க்காரங்களே கரையை வெட்டிவிட்டாங்க. ஓதத்தோட, அதாவது கடல் ஏத்தத்தோட, வந்த வண்டல் உள்ளே படிஞ்சு நிலம் உசந்தது, பக்கத்து ஆறும் ஆழமாச்சு. வேதாரண்யம் பக்கம் ஒரு இடத்துல முயற்சி பண்ணலாமே?

ஓய்வு_பொறியாளர்
அங்கே கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டின மண்ணை ஓதம் திருப்பிக் கொண்டுவருது. நம்ம கரையில ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட வராது. வெட்டினா உள்ளே வர்றது உப்புத்தண்ணி மட்டும்தாம்மா.

கொள்ளிடக்கரை
வண்டல் வண்டல்னே பேசிக்கிட்டிருக்கீங்க. முகத்துவாரத்தையும் கடற்கரையையும் தாங்குறது மணல். அது மேட்டூர்ல இல்லை, கொள்ளிடத்துல இருந்தது. பவானிசாகர், அமராவதி, மாயனூர்னு எல்லா இடத்துலயும் மறிச்சாச்சு, புதுசா வர்ற மணல் சொற்பம். ஆத்துல கிடந்தது பழைய சேமிப்பு. அதைத்தான் பொக்லைன் வெச்சு லாரி லாரியா அள்ளினாங்க. 2018 ஆகஸ்ட்ல முக்கொம்புல ஒன்பது ஷட்டர் அடிச்சிட்டுப் போச்சு. அதே மாசம் திருச்சி பழைய இரும்புப் பாலத்தோட தூணும் சாஞ்சது. படுகை இறங்கினா கட்டுமானம் எதுல நிக்கும்? ராசு அண்ணன் பத்து டிராக்டர் வண்டல் அள்ளினா டெல்டா முழுகிடாது. குவாரியை விட்டுட்டு அவரைத் திருடன்ங்கிறது அநியாயம்.

ஓய்வு_பொறியாளர்
முக்கொம்பு மேலணை 1836-ல் கட்டினது. பழையதுங்கிறதும் ஒரு காரணம், எல்லாத்தையும் மணல் தலையில கட்டாதீங்க.

கடைமடைக்காரன்
குவாரியை நான் ஆதரிச்சதே இல்லை. ஆனா இன்னிக்கு என் பிரச்சினை, கோடையில கொள்ளிடத்துல கடல்தண்ணி மேலே ஏறி வருது. போர்ல தண்ணி உவர்க்குது, நாத்து நுனி கருகுது. அளக்குடி பக்கம் தடுப்பணை வேணும்.

கொள்ளிடக்கரை
அந்தத் தடுப்பணை மிச்சமிருக்கிற மணலையும் மறிக்கும். உப்பு மேலே ஏற ஆழமான படுகையும் ஒரு காரணம். வெள்ளத்தப்போ முழுசா தூக்கிவிடுற ஷட்டரா இருந்தா ஒத்துக்கிறேன், சும்மா கான்கிரீட் சுவரை எழுப்பினா எதிர்ப்பேன்.

கடைமடைக்காரன்
ஷட்டரைத் தூக்க ஆள் போடுவாங்களா? எங்க ஊர் சட்ரஸ்ல, அதான் மதகுல, துருப்பிடிச்ச சக்கரத்தைத் திருப்ப நாலு பேர் வேணும், அதுக்குக் கிரீஸ் வாங்கக்கூட நாங்கதான் காசு வசூல் பண்றோம். சுவரா, ஷட்டரா, எதுவானாலும் முதல்ல வரட்டும்.

சேலத்து_ராசு
ஆக, என் டிராக்டரை விட்டுட்டீங்க. பெர்மிட் வாங்க நாளைக்குத் தாலுகா ஆபீஸ் போறேன்.

கடைமடைக்காரன்
விடலை. அள்ளின இடத்துல தேங்குற கூடுதல் தண்ணியில எங்களுக்கு எவ்வளவுன்னு கணக்கு எழுதிக் கொடுங்க, அப்புறம் போங்க.