திருமணப் படங்களை கார்டிலிருந்து மாற்றும்போது நேர்ந்த இழப்பு: மீட்க முடியுமா, இனி எந்த முறையைக் கையாள்வது?

கேள்வி

வணக்கம். கும்பகோணம் பகுதியில் ஆறு ஆண்டுகளாகத் திருமணங்களுக்குப் படம் எடுத்து வருகிறேன். சென்ற முகூர்த்தத்தில் நானும் என் உதவியாளரும் ஆளுக்கொரு கேமராவில் எடுத்த படங்கள் நான்கு 64 ஜிபி கார்டுகளில் இருந்தன. மறுநாள் காலையிலேயே வேறோர் ஊரில் சீமந்தம் ஒன்றை ஒப்புக்கொண்டிருந்ததால், மண்டபத்து அறையிலேயே மடிக்கணினியைத் திறந்து, கார்டுகளைக் காலி செய்யும் அவசரத்தில் படங்களை ‘கட்’ செய்து வெளி ஹார்டு டிஸ்க்கில் ‘பேஸ்ட்’ கொடுத்தேன். பந்திக்கு அழைக்க வந்த பெரியவர் ஒருவரின் கால் கேபிளில் பட்டு, டிஸ்க் கழன்றுவிட்டது. மீண்டும் செருகிப் பார்த்தபோது ஊஞ்சல் படங்களில் சில திறக்கவே இல்லை. சிலவற்றில் மேல்பாதியில் மணப்பெண்ணின் முகமும் கீழ்ப்பாதியில் வெறும் சாம்பல் நிறமும் இருக்கின்றன. கார்டிலும் அவை இல்லை. அந்தக் கார்டை இதுவரை வேறெதற்கும் பயன்படுத்தவில்லை. மீட்க வழி உண்டா? படங்களை மாற்றுவது, அடுக்குவது, காப்பது ஆகியவற்றில் நீங்கள் கையாளும் முறையையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்காமல் வைத்திருக்கிறீர்களே, அதுவே பெரிய நல்லது. அழிக்கப்பட்ட கோப்பின் இடம் ‘காலி’ என்று குறிக்கப்படுகிறதே தவிர, புதிதாக ஒன்று அதன்மேல் எழுதப்படும்வரை பழைய தரவு பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். முதலில் கார்டின் பக்கவாட்டிலுள்ள சிறிய பூட்டைக் கீழே தள்ளிவிடுங்கள்; அதன்பின் கார்டில் புதிதாக எதுவும் எழுதப்படாது. பிறகு போட்டோரெக் என்னும் இலவச மென்பொருளை இயக்கி, மீட்கும் படங்களை வேறொரு டிஸ்க்கில் சேமியுங்கள். அதே கார்டில் சேமித்தால் மீட்க வேண்டியதை நீங்களே அழித்தவராவீர்கள். மீண்டு வரும் கோப்புகளுக்குப் பழைய பெயர் இருக்காது. ஆனால் எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் மீண்டும் வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

மறுமொழி 2

மீட்பைப் பற்றி மேலே நண்பர் சொல்லிவிட்டார். முறையைப் பற்றி நான் சொல்கிறேன். உங்களுக்கு நேர்ந்ததில் அந்தப் பெரியவரின் காலுக்குப் பங்கு குறைவு, ‘கட்’ கட்டளைக்கே பங்கு அதிகம். கார்டிலிருந்து எப்போதும் ‘காப்பி’ மட்டுமே செய்ய வேண்டும். படங்கள் இரண்டு டிஸ்க்குகளில் சேர்ந்து, இரண்டும் சரியாக இருக்கின்றன என்று உறுதியான பிறகே கார்டை, அதுவும் கணினியில் அல்லாமல் கேமராவிலேயே, ஃபார்மட் செய்ய வேண்டும். உறுதி செய்வதென்றால் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுவது மட்டுமன்று, ஏனெனில் உங்கள் சாம்பல் நிறப் படங்களும் எண்ணிக்கையில் சேர்ந்தே வந்திருக்கும். டெராகாப்பி போன்ற மென்பொருளில் சரிபார்ப்பு வசதியை இயக்கினால், மூலத்தையும் நகலையும் உள்ளடக்க அளவிலேயே ஒப்பிட்டு, பிசகிய கோப்பைக் காட்டிக்கொடுக்கும்.

நேரம் இல்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். பழைய யுஎஸ்பி 2.0 கார்டு ரீடரில் நொடிக்கு 35 எம்பி வேகம் கிடைத்தால் ஒரு 64 ஜிபி கார்டுக்கு அரை மணி நேரம் ஆகும். யுஎஸ்பி 3 ரீடரில் 90 எம்பி வேகம் தரும் கார்டாக இருந்தால் 12 நிமிடம் போதும். கூடுதலாக நான்கு கார்டுகளை வாங்கி வைத்துக்கொண்டால் மண்டபத்தில் அவசரப்பட வேண்டிய தேவையே இல்லை.

அடுக்குவதில் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான கேமராக்கள் 0001 முதல் 9999 வரை எண்ணி, பிறகு மீண்டும் 0001-க்கு வந்துவிடும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்களைப் பயன்படுத்தினால் ஒரே பெயரில் இரண்டு படங்கள் அமைவது இயல்பு. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது, ‘ஏற்கெனவே உள்ளதை மாற்றவா’ என்று கணினி கேட்க, தூக்கக் கலக்கத்தில் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டால் ஒரு படம் போயே போய்விடும். ஆகவே ‘2024-05-19_கும்பகோணம்_திருமணம்’ என்பதுபோல் ஆண்டு முதலில் வருமாறு பெயரிட்டு, அதற்குள் கேமராவுக்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று என ஃபோல்டர் வைக்கிறேன். நிகழ்ச்சி தொடங்கும் முன் இரு கேமராக்களின் கடிகாரத்தையும் சரிசெய்துவிடுவேன். ஒருமுறை ஏழு நிமிட வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டதில், நேர வரிசைப்படி அடுக்கியபோது தாலி கட்டிய பிறகு கெட்டிமேளக்காரர் கைதூக்கிச் சைகை காட்டுவதாக ஆல்பம் அமைந்துவிட்டது!

மறுமொழி 3

காப்பதைப் பற்றிச் சில சொற்கள். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய 3-2-1 என்னும் கணக்கு எளிமையானது: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில். நம்மில் பலர் இரண்டு டிஸ்க்குகளை ஒரே மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் பாதுகாப்பு என்று நம்புகிறோம்; கடைக்குள் வெள்ளம் புகுந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். மூன்றாவது டிஸ்க்கை நான் மாமியார் வீட்டில் வைத்திருக்கிறேன். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்டு அமைப்பையும் காப்பு என்று கருத வேண்டாம். ஒரு டிஸ்க் பழுதானால் அது உதவும், நீங்களே தவறுதலாக அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் சேர்த்தே அழியும். கூகுள் போட்டோஸில் 2021 ஜூன் முதல் தரம் குறைத்து ஏற்றும் படங்களும் 15 ஜிபி கணக்கில் சேர்வதால், இலவசக் கணக்கில் ஒரு திருமணத்தின் ரா கோப்புகளை, அதாவது கேமரா பதப்படுத்தாமல் தரும் பெரிய மூலக் கோப்புகளை, வைக்க முடியாது. படங்களைத் திருத்த லைட்ரூம் மென்பொருளைப் பயன்படுத்துபவராயின், அதன் கேட்டலாக் என்னும் பட்டியல் கோப்பில் உங்கள் திருத்தங்கள்தாம் இருக்கின்றன, படங்கள் இல்லை. இரண்டுக்கும் தனித்தனியே நகல் தேவை.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு போட்டோரெக்கை ஓடவிட்டேன். சாம்பல் நிறத்தில் இருந்தவற்றுள் நான்கைத் தவிர மற்றவை முழுமையாகக் கிடைத்துவிட்டன. அந்த நான்கு நொடிகளையும் உதவியாளர் வேறு கோணத்தில் எடுத்திருக்கிறார். இன்று காலை ஒரு யுஎஸ்பி 3 ரீடரும் இரண்டு கார்டுகளும் வாங்கினேன். மூன்றாவது டிஸ்க்கை வைக்கத் தஞ்சாவூரில் உள்ள அக்காவிடம் பேசியிருக்கிறேன்.