விட்டமின் கம்மி (gummy) மிட்டாய் பாட்டில் முழுக்க ஒரே கட்டி. பிள்ளைக்குக் குடுக்கலாமா?

பாளை ராசாத்தி: அவசரம். மச்சான் அமெரிக்காலேருந்து கொண்டாந்த விட்டமின் கம்மி, கரடி உருவத்துல மெல்லுற மிட்டாய் மாதிரி இருக்கும்லா, அது. கரடி கரடியா இருந்ததெல்லாம் ஒண்ணா ஒட்டி உருண்டை ஆயிட்டு. ஒரே ஒரு கரடிக்கு மட்டும் காது தெரியுது. மேல வெள்ளையா என்னமோ. டேட் இன்னும் இருக்கு. குடுக்கலாமா வேண்டாமா?

குற்றாலச்சாரல்: எந்த விட்டமின்? பிள்ளைக்கு என்ன வயசு? எப்பத் திறந்தீய? எங்க வச்சிருந்தீய? மச்சான் எங்கேருந்து வந்தாவன்னு மட்டும் சொல்லியிருக்கீய.

கருப்பட்டிக்காப்பி: கத்திரி வெயில்தான், வேற என்ன. கம்மியில இருக்க ஜெலட்டின் உடம்புச் சூட்டுக்கே இளகிரும். அதான் வாயில போட்டா கரையுது. பாளையில வெயில் 40-ஐத் தொடுதப்போ கரடி எப்படி நிக்கும்? ஃப்ரிட்ஜுல வச்சு இறுக்கி, கத்தியால துண்டு போட்டுக் குடுங்க.

மாத்திரை அண்ணாச்சி: துண்டு போடச் சொன்ன மகராசன் யாரு வே? ஒரு கரடிக்கு இவ்வளவு சத்துன்னு அளந்து போட்டிருக்கான். உருண்டைய வெட்டினா அது ஒரு கரடியா ரெண்டரைக் கரடியான்னு யாரு எண்ணுவா? அப்புறம், டேட் இருக்குன்னா என்ன அர்த்தம்? லேபிள்ல சொன்ன சூட்டுல வச்சிருந்தா அந்தத் தேதி வரைக்கும் தாங்கும்னு அர்த்தம். வெயில்ல உருகினா சி விட்டமின்தான் முதல்ல போவும். இதெல்லாம் போன வருசமே இங்க எழுதிட்டேன். தேடிப் படிக்கிறவுக யாரு இருக்கா.

பாளை ராசாத்தி: அடுப்புக்கு மேல ஷெல்ஃப்ல இருந்துச்சு. அதுக்கு முந்தி ரெண்டு நாள் காருக்குள்ள கிடந்துட்டு. உள்ள இருந்த சின்னப் பாக்கெட்டைப் பிள்ளை தின்னுரக் கூடாதேன்னு அன்னைக்கே தூரப் போட்டுட்டேன்.

குற்றாலச்சாரல்: கார்ல ரெண்டு நாளா! கண்ணாடி ஏத்தி வெயில்ல நின்ன கார்ல 50 டிகிரி சாதாரணமா வரும். அந்தப் பாக்கெட் ஈரத்தை இழுக்கத்தான் வச்சிருந்தான். தின்னக்கூடாது, ஆனா பாட்டிலுக்குள்ளதான் கிடக்கணும். வெள்ளைய நல்ல வெளிச்சத்துல பாருங்க. மணல் மாதிரி நறநறன்னு இருந்தா சீனி பூத்திருக்கு. பஞ்சு மாதிரி முளைச்சிருந்தாலோ, பச்சை, சாம்பல் திட்டு இருந்தாலோ பூசணம். ஒரு ஓரத்துல இருந்தாலும் முழுசையும் கொட்டிருங்க. ருசி பாக்காதீய.

கருப்பட்டிக்காப்பி: அடுப்பு மேல வச்சா என்ன தப்பு? எங்க ஆச்சி கருப்பட்டிய ஓலைப்பெட்டியில போட்டு அடுப்புக்கு மேலதான் வைப்பா. ஐப்பசி அடைமழையிலயும் கசியாது.

மாத்திரை அண்ணாச்சி: ஆச்சிக்கு விறகடுப்பு. புகையும் காஞ்ச சூடும். இவிய வீட்டுல கேஸ் அடுப்பு. கேஸ் எரிஞ்சாலே நீராவி வரும், போதாததுக்கு குக்கர் வேற. ஃப்ரிட்ஜும் சும்மா இல்ல. சில்லுன்னு எடுத்து உடனே திறந்தா உள்ள வேர்த்துரும். வெளிய வச்சு, பாட்டில் குளிர் போன பொறவுதான் மூடியத் திறக்கணும்.

உடன்குடி மக்கா: இப்ப வார கருப்பட்டி விறகடுப்பு மேல வச்சாலும் கசியத்தான் செய்யும். பாதி சீனி.

கருப்பட்டிக்காப்பி: உடன்குடிக்காரரே இதைச் சொல்லுதீரா? நான் வாங்குத இடத்துல அப்படி இல்ல.

உடன்குடி மக்கா: எந்த இடம்? கிலோ என்ன விலை சொல்லும், நான் சொல்லுதேன் சீனியா இல்லையான்னு.

பாளை ராசாத்தி: ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். சின்னவன் காலைல உருண்டையப் பிச்சுத் தின்னுட்டான். எவ்வளவுன்னு தெரியல. 3 வயசு. விளையாடிக்கிட்டுதான் இருக்கான்.

மாத்திரை அண்ணாச்சி: முதல்லயே சொல்ல வேண்டாமா தாயி! லேபிள்ல அயர்ன், அதான் இரும்புச்சத்து, போட்டிருக்கா பாரு. முக்காவாசி கம்மியில ருசி கெடும்னு போடமாட்டான், ஆனா போட்டதும் உண்டு. போட்டிருந்தா, பிள்ளைய கூடுதலாத் தின்னா ஆபத்துன்னு எச்சரிக்கை கட்டாயம் இருக்கும், அமெரிக்காவுல 1997-ல வந்த சட்டம். அயர்ன் இருந்தா ஒரு நிமிசம் நிக்காத, பாட்டிலோட ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. வாந்தி எடுத்துட்டுத் தெளிஞ்ச மாதிரி இருப்பான், அதை நம்பாத. அயர்ன் இல்லேன்னாலும் டாக்டர்கிட்ட காட்டிரு. ஏ, டி ரெண்டும் உடம்புலயே தங்குற சத்து.

கருப்பட்டிக்காப்பி: விலைய ஏன் வே நான் உமக்குச் சொல்லணும்?

குற்றாலச்சாரல்: கருப்பட்டிய ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. அந்தக்கா என்ன ஆனாவ?

பாளை ராசாத்தி: அயர்ன் இல்ல. டாக்டர் பாத்துட்டாவ, பயப்பட ஒண்ணுமில்லன்னாவ. உருண்டை குப்பைக்குப் போயிட்டு. நன்றி அண்ணாச்சி.

குற்றாலச்சாரல்: நல்லதுக்கா. அந்த வெள்ளை என்னன்னு பாத்தீயளா?

உடன்குடி மக்கா: விலை?