மறுமொழி: ஓவர்ஹெட்டுக்குத் தமிழ் – மேற்செலவா, மேந்தலையா, பகிர்செலவா?

அனைவருக்கும் வணக்கம்.

ஓவர்ஹெட் (overhead), அதாவது அலுவலக வாடகை, மாதச் சம்பளம்போல எந்த ஒரு வேலைக்கும் மட்டும் உரியதல்லாத செலவு, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பேசும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்து வருகிறேன். திருச்சியில் சிறிய அளவில் வீடு கட்டிக் கொடுப்பது என் தொழில். வருஷத்துக்கு மூன்று அல்லது நான்கு வீடு. விலைப்புள்ளி தயாரிக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் எழுதுகிறேன்.

> மேற்செலவு என்று வணிகவியல் பாடநூல்களிலேயே இருக்கிறதே, புதிதாக ஏன் தேட வேண்டும்?

இருக்கிறது. வகுப்பில் அது போதும். சைட்டில்தான் போதவில்லை. என் அப்பா மேஸ்திரி. அவருடைய நீள நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். செங்கல், சிமெண்ட், கம்பி, மணல், கொத்தனார் கூலி, சித்தாள் கூலி என்று வரிசையாக வந்து, கடைசி வரியில் 'மே.செ.' என்று ஒரு தொகை இருக்கும். மே.செ. என்றால் மேல்செலவு. பூமி பூஜைக்கு வாங்கிய தேங்காய் பழம், தளம் போட்ட அன்று ஆட்களுக்கு வாங்கிய பிரியாணி, உடைந்துபோன பாண்டுச் சட்டி, டீ, பஸ் காசு எல்லாம் அதில் அடக்கம். அவர் ஓட்டிய டிவிஎஸ் 50-க்குப் போட்ட பெட்ரோல் அதில் இல்லை. சனிக்கிழமை ராத்திரி அம்மா உட்கார்ந்து கூலிக் கணக்கு எழுதியதற்கு ஒரு ரூபாய்கூட இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நின்றபோது ஆள் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று வீட்டிலேயே தங்க வைத்துச் சோறு போட்ட இரண்டு கொத்தனார்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஊர்வழக்கில் மேல்செலவு என்றால் இதுதான் பொருள். போட்ட கணக்குக்கு மேலே வந்து விழும் சில்லறை. வந்தால் கொடுப்போம், வராவிட்டால் மிச்சம். ஓவர்ஹெட் அப்படியில்லை. வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதம் பிறந்தால் வாசலில் வந்து நிற்கும். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், சின்னக் கான்ட்ராக்டர் ஓவர்ஹெட்டையும் சில்லறை என்றே நினைத்து ஏதோ ஒரு தொகையைக் குத்துமதிப்பாகப் போடுவார். நானும் முதல் மூன்று வருஷம் அப்படித்தான் போட்டேன். நான்கு வீடு முடித்த ஒரு வருஷத்தின் கடைசியில் மனைவியின் நகை அடகில் இருந்தது. எங்கே போயிற்று பணம் என்று எனக்கே தெரியவில்லை.

> இலங்கையில் மேந்தலை என்கிறோம். உற்பத்தி மேந்தலை, மேந்தலைக் கிரயம் என்றெல்லாம் கணக்கீட்டு நூல்களில் நிலைத்துவிட்டது.

அங்கே நிலைத்திருப்பதை மாற்றச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அது ஆங்கிலச் சொல்லின் இரண்டு பாதியையும் தனித்தனியாக எடுத்துத் தமிழாக்கியது. மேலே இருக்கும் தலை என்றால் எங்கள் சூப்பர்வைசருக்குத் தண்ணீர்த் தொட்டிதான் நினைவுக்கு வரும். கிரயம் என்றால் அங்கே அடக்கச் செலவு, இங்கே பத்திரப் பதிவு. ஆகவே தமிழ்நாட்டுச் சைட்டுக்கு இது ஒத்துவராது.

'மறைமுகச் செலவு' என்ற பரிந்துரைக்கும் என் வாக்கு இல்லை. வீட்டுக்காரர் கையில் நாம் கொடுக்கும் தாளில் 'மறைமுக' என்ற சொல் இருந்தால், நாம் எதையோ ஒளிக்கிறோம் என்றுதான் அவர் நினைப்பார். பொதுச்செலவு என்பது அரசாங்கக் கணக்குபோல ஒலிக்கிறது.

என் வாக்கு பகிர்செலவுக்கு. சுடுசோறு, ஊறுகாய்போல வினைத்தொகை. எந்த ஒரு வேலையின் தலையிலும் முழுதாகக் கட்ட முடியாமல், எல்லா வேலைக்கும் பகிர்ந்து ஏற்ற வேண்டிய செலவு. அந்தச் செலவை என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. எங்கள் சூப்பர்வைசரிடம் "இந்த வேலைக்குப் பகிர்செலவு எவ்வளவு போடலாம்?" என்று கேட்டுப் பார்த்தேன். "எதை சார் பகிர்றது, எத்தனை வீட்டுக்கு?" என்றார். விலை போடுகிறவன் கேட்க வேண்டிய இரண்டு கேள்வியும் அதில் வந்துவிட்டன.

கணக்கோடு பார்த்தால் இன்னும் தெளிவாகும். அலுவலக வாடகை மாதம் 12,000, சூப்பர்வைசர் சம்பளம் 28,000, கணக்கு எழுதுகிறவருக்கு 15,000, வண்டியும் டீசலும் 20,000, ஆடிட்டர், போன், பிரிண்ட் எல்லாம் 5,000, எனக்கான சம்பளம் 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,20,000, வருஷம் 14,40,000. அந்த வருஷம் பொருளுக்கும் கூலிக்கும் மட்டும் ஆகும் நேரடி அடக்கம் 30 லட்சம் வீதம் நான்கு வீட்டுக்கு 1 கோடியே 20 லட்சம் என்றால், பகிர்செலவு 12 சதவீதம். மூன்று வீடுதான் கிடைத்தது என்றால் அதே 14,40,000-ஐ 90 லட்சத்தின் மேல் ஏற்ற வேண்டும், 16 சதவீதம் ஆகிவிடும். செலவு ஒரு ரூபாய் கூடவில்லை, பகிர ஆள் குறைந்ததால் பங்கு ஏறியது. மேற்செலவு என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. (நடத்துகிறவர் தனக்குச் சம்பளம் போட்டுக்கொள்ளாமல் 'மிஞ்சுவது எனக்கு' என்று விட்டுவிடுவது எங்கள் தொழிலில் பரவலான தவறு. அதுவும் பகிர்செலவில் சேர வேண்டியதே.)

சைட்டில் ஆகும் பகிர்செலவைத் தனியாகக் குறிக்க 'தளப் பகிர்செலவு' என்று இந்த இழையில் ஒருவர் எழுதியிருந்தார். கட்டட வேலையில் தளம் என்றால் காங்கிரீட் தளம். 'தளச் செலவு' என்றால் கம்பி, சென்ட்ரிங், ஜல்லி என்றுதான் ஆள் எழுத ஆரம்பிப்பார். 'களப் பகிர்செலவு' என்று வைக்கலாம். தற்காலிக மின் இணைப்பு, தண்ணீர் லாரி, வாட்ச்மேன், சிமெண்ட் அடுக்கும் கொட்டகை இவை ஒரு வீட்டுக்கே உரியவை, ஆனால் அந்த வீட்டுக்குள் செங்கல் கட்டு, பூச்சு, தரை என்று எல்லா வேலைக்கும் பிரியும். 'அலுவலகப் பகிர்செலவு' எல்லா வீட்டுக்கும் பிரியும். இரண்டும் பகிர்வதுதான், பகிரும் எல்லை வேறு.

அரசு வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி போடுகிறவர்களுக்கும் இது உதவும். மத்தியப் பொதுப்பணித் துறையின் விகித ஆய்வில் (ஒவ்வொரு வேலைக்கும் விலை எப்படி வருகிறது என்று பிரித்துக் காட்டும் கணக்கு) ஒப்பந்ததாரரின் இலாபமும் ஓவர்ஹெட்டும் சேர்த்து 15 சதவீதம், பாதிக்குப் பாதி ஏழரை ஏழரை. இரண்டும் ஒரே வரியில் ஒரே எண்ணாக வருவதால், பலர் பதினைந்தையும் இலாபம் என்று எண்ணிக்கொண்டு, போட்டிக்காக அதிலிருந்து பத்து சதவீதம் குறைத்துப் புள்ளி கொடுக்கிறார்கள். குறைத்தது தன் அலுவலக வாடகையை என்பது பில் கைக்கு வரும்போதுதான் தெரிகிறது. 'பகிர்செலவு 7.5, இலாபம் 7.5' என்று தமிழில் தனித்தனி வரியாக எழுதிப் பார்த்தால் கை கொஞ்சம் தயங்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல்லும் வேண்டும். பத்து சதவீத இலாபம் என்கிறோம். அடக்கத்தின் மேல் பத்தா, விலைக்குள் பத்தா? முன்னதை மேலிலாபம், பின்னதை உள்ளிலாபம் என்று சொல்லலாம் என நினைக்கிறேன். மேலே சொன்ன வீட்டில் 30 லட்சம் நேரடி அடக்கம், 3.6 லட்சம் பகிர்செலவு, ஆக 33.6 லட்சம். மேலிலாபம் பத்து சதவீதம் என்றால் விலை 36,96,000. உள்ளிலாபம் பத்து சதவீதம் வேண்டுமென்றால் 33.6 லட்சத்தை 0.9-ஆல் வகுக்க வேண்டும், 37,33,333. இடைவெளி 37,333 ரூபாய். எங்கள் சூப்பர்வைசரின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். ஜிஎஸ்டி இதற்கெல்லாம் வெளியே, தனி வரி.

பகிர்செலவுக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரரோடு பொதுச்சுவர் கட்டினால் வரும் செலவையும் பகிர்செலவு என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அதற்குப் 'பங்குச்செலவு' என்று வேறு சொல் கொடுத்துவிட்டால் குழப்பம் தீரும் என்பது என் எண்ணம். இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை ஒரு விலைப்புள்ளி கொடுக்க வேண்டியிருக்கிறது. அதில் அப்பாவின் மே.செ. வரியை எடுக்கப் போவதில்லை. தேங்காய்க்கும் பிரியாணிக்கும் அது அப்படியே இருக்கட்டும். அதற்கு மேலே 'ப.செ.' என்று ஒரு வரி சேர்க்கிறேன். அதைப் பார்த்து வீட்டுக்காரர் என்ன கேட்டார் என்பதை அடுத்த மடலில் எழுதுகிறேன்.