மரம், பயிர், ஆடுமாடு: மூன்றுக்கும் சேர்த்து ஒரு சொல் வேண்டும்

கோவை: வணக்கம். உழவர் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மரமும் பயிரும் சேர்ந்த அக்ரோஃபாரஸ்ட்ரிக்கு 'வேளாண் காடு வளர்ப்பு' புழக்கத்தில் இருக்கிறது, சரி. ஆடுமாடும் சேர்ந்த அக்ரோசில்வோபாஸ்டோரல் முறைக்கு என்ன போடலாம்? 'வேளாண்வனமேய்ச்சலியல்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே மூச்சு வாங்குகிறது.

காங்கேயம்: எங்கள் பக்கம் காடு என்றாலே புன்செய்தானுங்க. சோளக்காடு, பருத்திக்காடு. 'வேளாண் காடு' என்றால் சிரிப்பார்கள். இதற்குத்தான் கொறங்காடு இருக்கிறதே! சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். கோடையில் புல் காய்ந்தாலும் வேலங்காய் ஆட்டுக்குத் தீனி. அதையே வையுங்கள்.

மதுரை: கொறங்காடு மேய்ச்சல் நிலம் ஐயா, அதில் பயிர் எங்கே? ஒரு வட்டாரத்து நிலத்தின் பெயரை முறைக்கே சூட்டினால் ஸ்பெயினின் தெஹேசா என்ற மேய்ச்சல் நிலத்தையும் கொறங்காடு என்பீர்களா? அங்கே ஓக் மரத்தடியில் பன்றியல்லவா மேய்கிறது. 'மரமேய்ப்பு' எப்படி?

தஞ்சை: ஆடுமேய்ப்பு என்றால் ஆட்டை மேய்ப்பது. மரமேய்ப்பு என்றால் மரத்தையா? இரண்டாம் வேற்றுமைத்தொகை காலை வாரிவிடும். 'மரப்பயிர்' என்றும் போக முடியாது, மரமே பயிர் என்றாகிவிடும்.

யாழ்ப்பாணம்: எங்களுக்குக் கமம் எண்டால் பயிரும் மாடும் சேர்ந்ததுதான். 'மரக்கமம்' எண்டு வைத்தால் என்ன?

மதுரை: அழகான சொல். ஆனால் திண்டுக்கல் உழவருக்கு விளங்குமா?

யாழ்ப்பாணம்: கோவை அண்ணை எழுதின 'வனம்' மட்டும் தமிழோ? அது விளங்குதெண்டால் கமமும் விளங்கும்.

தஞ்சை: புன்செய் என்றதும் நினைவு வருகிறது. 'மானாவாரி' என்பது வானவாரியின் திரிபே. வானம் பார்த்த பூமியை மானம் பார்த்த பூமி என்கிறோமே, அதே வகரம் மகரமான கதை. இதில் 'வாரி' என்பது...

மதுரை: ஐயா, வாரிக்குத் தனி இழை தொடங்குங்கள். கையேடு காத்திருக்கிறது. 'ஒருங்கிணைந்த பண்ணையம்' போதாதா?

கோவை: அதில் மீன், கோழி எல்லாம் வரும், மரம் இல்லாமலும் நடக்கும். முன்னால் 'மரம்சார்' சேர்த்து 'மரம்சார் ஒருங்கிணைந்த பண்ணையம்' என்று போடுகிறேன். நீளம்தான், ஆனால் படிப்பவர் தடுமாற மாட்டார்.

தஞ்சை: அரை மனதோடு சரி.

யாழ்ப்பாணம்: எனக்கு மரக்கமம்தான்.

காங்கேயம்: அச்சில் எதையோ போடுங்கள். கொறங்காட்டை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது சேர்த்துவிடுங்கள். படத்தில் கிளுவை வேலி இருக்கட்டும், கம்பி வேலி வேண்டாமுங்க.