சாக்கேட்: 'விரைவு விழியியக்கம்' வேண்டாம், 'கண்தாவல்' எப்படி?

> சாக்கேட் என்பதற்கு 'விரைவு விழியியக்கம்' என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, வணக்கம்.

கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சட்டெனப் பாயும் அசைவுதான் சாக்கேட் (saccade). அதற்கு அந்தப் பெயர் வேண்டாம் என்பேன். கனவு மிகுந்த உறக்கநிலைக்கு ஏற்கெனவே அப்படித்தான் எழுதுகிறோம். மாணவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.

இந்த வரியைப் படிக்கும்போதே உங்கள் கண் சீராக ஓடவில்லை. ஓரிடத்தில் கால் நொடிபோல நிற்கிறது, சில எழுத்துகளைத் தாண்டிப் போய் மறுபடி நிற்கிறது. பெரிய அசைவுகளில் வேகம் நொடிக்கு 500 பாகையைத் தாண்டும். கிளம்பிய பின் நடுவழியில் பார்த்துத் திருத்திக்கொள்ள நேரமே கிடையாது. எங்கே இறங்குவது என்பது பெரும்பாலும் முன்பே முடிவாகியிருக்கும். அதனால்தான் 'தாவல்' என்கிறேன். 'துள்ளல்' சரிவராது, நின்ற இடத்திலேயே எழும்பி விழுவதும் துள்ளல்தானே.

மூளைப் பகுதிகளோடு சேர்த்து எழுதிப் பார்த்தேன், சொல் தாங்குகிறது. எங்கே தாவுவது என்பதைத் தீர்மானிப்பதில் முன்மடலின் கண்புலத்துக்கும் (frontal eye field) நடுமூளையின் மேல்குன்றுக்கும் (superior colliculus) பெரிய பங்கு. கட்டளை அங்கிருந்து மூளைத்தண்டில் தாவலைக் கிளப்பும் இடங்களுக்குப் போகும். கிடைமட்டத் தாவலை மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸ் கிளப்புகிறது, செங்குத்துத் தாவலை நடுமூளை. குறி தவறாமல் அளவைச் சரிசெய்வது சிறுமூளை. பான்ஸில் இன்னொரு வகை நியூரான்கள் உண்டு: கண் ஓரிடத்தில் நிலைத்திருக்கும்வரை ஓயாமல் மின்துடிப்புகளை எழுப்பித் தாவலைத் தடுத்துவைக்கும், தாவலுக்குச் சற்று முன் அடங்கிவிடும். 'தாவல்தடை நியூரான்கள்' என்றால் விளக்கமே வேண்டாம், பாருங்கள்!

அப்புறம், 'எதிர்த்தாவல்'. இடப்பக்கம் விளக்கு மின்னினால் வலப்பக்கம் பார்க்கச் சொல்லும் சோதனை இது. முன்மடல் பழுதுபட்டவர்கள் பலருக்குக் கண்ணை அடக்க முடியாது, விளக்கின் பக்கமே தாவிவிடும். நகரும் பொருளை வழுக்கியபடி பின்தொடரும் அசைவு வேறு. அதற்குத் 'தொடர்நோக்கு' போதும்.

'விழித்தாவல்' அவசரத்தில் 'விழித்தால்' என்று கண்ணில் படுகிறது. 'பார்வைத்தாவல்' என்றால் தலை திரும்புவதும் உள்ளே வந்துவிடும். 'கண்தானம்' என்று புணர்க்காமல் எழுதிப் பழகிவிட்டோம், ஆகவே 'கண்தாவல்' உறுத்தாது.

மேல்குன்றில்தான் எனக்குத் தயக்கம். 'மேற்குன்று' என்று புணர்த்தால் 'மேற்கு' முன்னால் வந்து நிற்கிறது. 'மேல் சிறுகுன்று' என்று பிரித்தே எழுதலாமா? உடற்கூறியல் நடத்துபவர்கள் சொல்லுங்கள்.